கதவில் கரியால் எழுதிய எண்

நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு குக்கிராமத்தில்தான் அந்தப் பெண்ணைச் சந்தித்தேன். மலைமக்களின் ரத்தசோகையை ஆராய எங்கள் மருத்துவக் கல்லூரி அனுப்பிய மாணவி நான். அவருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. நகமெல்லாம் வெளுத்திருந்தது. நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்கியது.

வீட்டுக் கதவில் மூன்று எண்கள் இருந்தன. முன்பு ரத்தம் எடுத்துப்போன மூன்று குழுக்கள் சாக்பீஸால் எழுதியவை. சாரலில் மங்கும்போதெல்லாம் அவரே அடுப்புக்கரியால் அவற்றின் மேல் எழுதிவிடுவாராம்.

"அழிஞ்சி போச்சின்னா, முடிவு சொல்ல வர்றவங்களுக்கு வூடு தெரியாதுங்களே" என்றார்.

நான் ஊசியைப் பிரித்ததும் கையை நீட்டிக்கொண்டே கேட்டார்: "போன தபா எடுத்த ரத்தத்துல இன்னா இருந்துச்சிங்க, டாக்டரம்மா?"

"அது வேற காலேஜ், அக்கா. எங்க முடிவு வந்ததும் நானே வந்து சொல்றேன்."

"அப்ப உங்க நம்பரையும் பெருசா எழுதிட்டுப் போங்க."

நாற்பத்தேழு என்று எழுதினேன்.

முடிவு வந்தது. உடனே ரத்தம் ஏற்றவேண்டிய நிலைமை. பேராசிரியரிடம் காட்டினேன். "நமக்கு வேண்டிய தகவல் கிடைச்சாச்சு. ஜீப் இனிமே மலைக்குப் போகாது" என்றார். பஸ் இருந்தது. எனக்குப் பரீட்சையும் இருந்தது. நான் போகவில்லை.

ஆய்வுக்குப் பரிசு கிடைத்தது. அட்டவணையில் அவரும் ஒரு வரியாக இருக்கிறார்.

அந்த நாற்பத்தேழின் மேல் இன்னும் கரியால் எழுதிக்கொண்டிருப்பார், உயிரோடு இருந்தால்.