ஒரு சஹனில் நான்கு கைகள்

ஆராய்ச்சி செய்பவர்களையும் சட்டம் இயற்றுபவர்களையும் ஒரே மேஜையில் உட்கார்த்திப் பேச வைப்பதுதான் என் உத்தியோகம். எர்ணாகுளத்தில் அதற்கென்றே ஒரு சின்ன அலுவலகம். என்ன வேலை என்று எங்கள் மட்டாஞ்சேரியில் யாராவது கேட்டால் அம்மா, தரகு வேலை, ஆனால் கல்யாணத் தரகு இல்லை என்பாள். அதைவிடச் சரியாக நானும் விளக்கியதில்லை. இரு வீட்டாருக்கும் கௌரவம் பெரிது, ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது, திட்டு மட்டும் நடுவில் நிற்பவளுக்கு.

அம்மாவுக்கு என்னால் ஆக வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் கால்வாய். கடல் ஏறிவரும் வேலியேற்றத்தின்போது காயல் தண்ணீர் அதன் வழியே பொங்கி நேரே அடுக்களைக்கு வந்துவிடும். எங்கள் கரையில் சுவர் எழுப்பும் திட்டம் சட்டமன்றக் குழு ஒன்றின் முன் இருந்தது. அந்தச் சுவருக்காக அம்மா நேர்ச்சைகூட வைத்திருந்தாள்.

என் கெட்ட நேரம், குழுவிடம் நான் அழைத்துப்போக வேண்டிய ஆராய்ச்சிக்காரப் பெண்ணின் முடிவு வேறாக இருந்தது. இங்கே சுவர் எழுந்தால் தண்ணீர் அக்கரைத் தெருவுக்குள் புகும் என்றாள். வீட்டில் வந்து சொன்னேன். அன்றிலிருந்து அம்மா என்னோடு பேசவில்லை.

குழுவில் இருந்த பெண் எம்.எல்.ஏ. நல்ல மனுஷி, ஆனால் காலில் சக்கரம். சந்திப்பு தள்ளிக்கொண்டே போனது. கடைசியில், என் தம்பி கல்யாணத்துக்கு வருவதாகச் சொன்னார். எனக்குள்ளிருந்த தரகி விழித்துக்கொண்டாள். ஆராய்ச்சிக்காரியையும் அழைத்துவிட்டேன்.

எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் சஹன் சாப்பாடு. பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி நான்கு பேர். நால்வரும் முடிக்கும்வரை ஒருவரும் எழக் கூடாது. எந்தக் கல்யாணத்திலும் இரண்டு வாய் கொறித்துவிட்டு ஓடும் எம்.எல்.ஏ.வைப் பெண்கள் பந்தியில் அப்படி உட்கார்த்தினேன். எதிரே ஆராய்ச்சிக்காரி, பக்கத்தில் நான். நாலாவது இடம் சின்னம்மாவுக்கு என்று நினைத்திருந்தேன். அம்மா வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சுவரை விட்டுக்கொடுக்க வரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

ஆராய்ச்சிக்காரி சாத்தியக்கூறு, கணிப்பு என்று ஆரம்பித்தாள். எம்.எல்.ஏ. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் சட்டென்று பேச்சை நிறுத்தி, தன் பக்கம் நெய்ச்சோற்றை விரலால் கூட்டி ஒரு வரப்பு கட்டி, நடுவில் குழம்பை ஊற்றினாள். அது வரப்பில் முட்டித் திரும்பி, மொத்தமும் அம்மா பக்கம் போய்த் தேங்கியது. சோற்றில் விளையாடினால் எங்களுக்கெல்லாம் அடி விழும். அம்மாவோ அந்தக் குழம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எம்.எல்.ஏ. அம்மாவின் பக்கம் திரும்பி, இத்தா என்று அக்கா முறை வைத்து அழைத்து, சுவர் வேண்டுமா என்று மலையாளத்தில் கேட்டார். அம்மா பந்தலுக்கு வெளியே பார்த்தாள். விடிந்ததிலிருந்து எங்களுக்காக வெங்காயம் உரித்த அக்கரைத் தெருப் பெண்கள் அங்கே சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவங்க அடுக்களைல தண்ணிய கேத்திவிட்டுட்டு நான் எந்த மூஞ்சிய வெச்சிட்டு அக்கரைக்குப் போவேன்? எனக்கு சுவரு வேண்டாம்."

அங்கேயே அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அவள் முடிக்கவில்லை.

"பின்னெ என்ன வழின்னு நீங்க ரெண்டு பேரும் இப்பவே பேசணும். அதுவரைக்கும் நான் சஹன்லேந்து கை எடுக்கமாட்டேன்."

டிரைவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எம்.எல்.ஏ. எழவில்லை. விரல்களில் சோறு காய்ந்து ஒட்டும்வரை இருவரும் பேசினார்கள். கால்வாயைத் தூர்வாருவது, அது காயலில் சேரும் இடத்தில் மதகு வைப்பது என்று பேச்சு போனது. குழுவின் அறிக்கையில் சுவருக்குப் பதில் அதுதான் வந்தது. அலுவலகத்தில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள், நானும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

தூர்வாரும் வேலை ஆமை வேகத்தில் நடக்கிறது. போன வேலியேற்றத்திலும் தண்ணீர் வந்தது. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அரிசியை மேலே எடுத்து வைக்கும்படி என்னை ஏவிவிட்டுப் போனைக் கையிலெடுத்தாள். எம்.எல்.ஏ.வுக்கு இன்றைக்கு அர்ச்சனைதான் என்று நினைத்தேன். அவள் கூப்பிட்டது அக்கரைத் தெருவை.

"அங்க தண்ணி எவ்வளவு கேறிருக்கு?" என்று கேட்டாள்.