எனக்குச் சளி பிடிக்கக் கூடாது

எங்கள் வீட்டில் தும்முவது குற்றம். யாரும் வாய்விட்டு அப்படிச் சொன்னதில்லை. ஆனால் முன்னறையில் நான் ஒரு தும்மல் போட்டால் குசினியில் பாத்திரச் சத்தம் நின்றுவிடும். இன்னொன்று வருகிறதா என்று என் மனைவி காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். வராவிட்டால் சத்தம் மறுபடி தொடங்கும். நானும் அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்து, பிறகுதான் விடுவேன்.

அவள் உடம்புக்குள் இருப்பது அவளுடைய அக்காவின் சிறுநீரகம். அடுத்தவர் உறுப்பு என்று உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்க, காலையும் இரவும் மாத்திரை. அந்த மாத்திரை எதிர்ப்புச் சக்தியைத் தட்டி உட்கார வைத்துவிடும். மற்றவர்களுக்கு மூக்கைச் சிந்திவிட்டுப் போகிற சளி, அவளுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் இழுத்துப்போகலாம். "உங்களுக்கு வந்தா அவங்களுக்கு வரும்" என்று டாக்டர் சொன்னபோது அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து அவள் ஆயுள் என் மூக்கில் தொங்குகிறது.

அந்த மூக்கு பிழைப்பு நடத்துவதோ துறைமுகத்துக்கு வெளியே ஒரு கன்டெய்னர் யார்டில். லாரிகளை உள்ளே விட்டு வெளியே அனுப்புவது என் வேலை. மழைக்காலத்தில் ஈரக்காற்றும் நிலக்கரித் தூசியும் சேர்ந்து வரும். வருகிற டிரைவர்களில் பாதிப்பேர் இருமிக்கொண்டே சீட்டை நீட்டுவார்கள். மாஸ்க் மத்தியானத்துக்குள் கறுத்து நனைந்துவிடும். வீட்டுக்கு வந்தால் வெளிக் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் வாசல் ஏறுவேன். தொண்டை லேசாகக் கரகரத்தாலும் எனக்கு முன்னறையில் பாய். போன கிறிஸ்துமஸுக்குச் சென்னையிலிருந்து மகள் சளியோடு வந்தாள். கேட்டுக்கு வெளியே நின்று கையசைத்தாள், கேக்கைத் திண்டில் வைத்தாள், அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் அம்மா கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை. அழுதால் மூக்கு ஒழுகும், அதற்கும் விளக்கம் சொல்ல வேண்டும்.

எங்கள் யார்டில் கிரேன் ஓட்டுகிறவர் ஒருவருக்கு மட்டும் எந்த மழையிலும் ஒன்றும் வராது. கேட்டேன். "முத்தையாபுரத்துல அக்குபங்சர் பாக்குத ஒரு பிள்ள இருக்கு, அண்ணாச்சி. சீன வைத்தியம். ஒரே ஒரு ஊசிதான்" என்றார். இருந்த நிலைமையில் சந்திர மண்டலத்து வைத்தியம் என்றாலும் போயிருப்பேன்.

தொழிலாளர் குடியிருப்பில் ஒரு சின்ன வீடு. முன்னறைதான் வைத்தியசாலை. நாற்பது வயசிருக்கும் ஒரு பெண், இரண்டு மணிக்கட்டையும் பிடித்து, விரல்களை மாற்றி மாற்றி வைத்து, வெகுநேரம் நாடி பார்த்தாள். "சளிய வராம தடுக்கணும்னு நெனைக்காதிய, அண்ணாச்சி. அது கழிவு. உடம்பு வெளிய தள்ளுது. உடம்பு சமமா இருந்துச்சுன்னா அதுக்கு வர வேலையே இருக்காது" என்றாள். காற்று பிடரி வழியாகத்தான் உள்ளே நுழையும் என்று சீனர்கள் கண்டுபிடித்திருக்கிறார்களாம், கழுத்தில் துண்டு சுற்றச் சொன்னாள். துறைமுகத்தில் வேலை பார்க்கிறவனிடம் காற்றுக்கு ஒதுங்கி நில் என்றால் எங்கே ஒதுங்குவது? இஞ்சியும் பட்டையும் போட்டு ஒரு சீனக் கஷாயமும் சொன்னாள். அதை எங்கள் அம்மா சீனாவுக்குப் போகாமலே போட்டுத் தந்திருக்கிறாள்.

பிறகு கட்டிலில் படுக்கவைத்து, புறங்கையில் முடி மாதிரி மெல்லிய ஊசி ஒன்றைச் செருகிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

நான் தூங்கிவிட்டேன். எழுப்பியபோது அது எந்த ஊர் என்றே தெரியவில்லை. அந்த அறையில் என் தும்மலுக்கு யாரும் பயப்படமாட்டார்கள் என்பது பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைதோறும் போனேன். அந்த மழைக்காலம் முழுக்க எனக்குச் சளி பிடிக்கவில்லை. ஊசியா, துண்டா, மாஸ்க்கா, வெறும் அதிர்ஷ்டமா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் பயம்.

வீட்டில் வந்து அந்தப் பெண் பேசுவதைப் போலவே பேசிக் காட்டுவேன். மனைவி சிரிப்பாள். ஒரு நாள் சிரிக்காமல் கேட்டாள்.

"அப்ப சளி வாரது நல்லதுன்னா சொல்லுது அந்தப் பிள்ள?"

"அது சொல்லும். அதுக்கென்ன?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

அவள் சும்மா கேட்கிற ஆள் இல்லை. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

மழை ஓயும் சமயத்தில், நாடி பார்த்துக்கொண்டே அந்தப் பெண் கேட்டாள், சளிக்கு ஏன் இப்படிப் பயப்படுகிறீர்கள் என்று. சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "உங்க வீட்டம்மாவையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க. மாத்திரைய ஒவ்வொண்ணா விட்டுரலாம். அதெல்லாம் உடம்புல சேருத கழிவுதான" என்றாள்.

அவள் குரலில் கள்ளம் ஏதுமில்லை. நம்பித்தான் சொன்னாள். அதனால் கோபப்படக்கூட முடியவில்லை. மாத்திரையை நிறுத்தினால் சிறுநீரகம் போய்விடும், அதற்குப் பிறகு கொடுக்க இன்னொரு அக்கா இல்லை. இது எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தும், மாத்திரை டப்பா இல்லாத எங்கள் மேஜை ஒரு நொடி கண்ணில் வந்து போனது. ஆசையாக இருந்தது. அந்த ஆசைதான் என்னைக் கிலி பிடிக்க வைத்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன், பிறகு போகவில்லை.

சில வாரம் கழித்து, ராத்திரி மாத்திரைக்கு அலாரம் அடித்தது. மாத்திரைகளை உள்ளங்கையில் பிதுக்கிக்கொண்டே மனைவி கேட்டாள்.

"செவ்வாக்கெழம போறதையே விட்டுட்டிய?"

"பஸ்ஸு ஒத்து வரல, ஏளா."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து என் பொய் எதுவும் அவளிடம் செல்லுபடியானதில்லை.

"என்னையும் கூட்டிட்டு வரச் சொல்லிச்சா?"

"ம்."

"மாத்திரைய விடலாம்னு சொல்லிச்சா?"

தலையை மட்டும் ஆட்டினேன். திட்டுவாள், இல்லை அழுவாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த மாத்திரைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லவேள, கூட்டிட்டுப் போவல" என்றாள். "போயிருந்தா நான் விட்டிருப்பேன்."

எல்லாவற்றையும் ஒரே வாயாகப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். பிறகு எழுந்து, கொடியில் கிடந்த துண்டை எடுத்து, என் பிடரியை மூடிச் சுற்றிவிட்டாள்.