நிறுவனர் கையைத் தூக்கிய கதை

அந்தப் பள்ளிக்கூடத்தை நடத்தியவர்கள் பிரதர்கள். பாதிரியார்கள் அல்ல. பூசை வைக்க மாட்டார்கள், பாவசங்கீர்த்தனம் கேட்க மாட்டார்கள். பாடம் நடத்துவார்கள், பிரம்பு பிடிப்பார்கள். ஊருக்கோ அங்கி போட்டவரெல்லாம் ஃபாதர்தான். அப்படி வாய் தவறிக் கூப்பிட்ட பையன், 'பிரதர்' என்று கரும்பலகை நிறைய எழுதிவிட்டுத்தான் வீடு போய்ச் சேருவான். பள்ளியின் நூறு வருட வரலாற்றைப் பிழிந்தால் இந்த ஒரு ரோஷம்தான் சொட்டும்.

டிராயிங் மாஸ்டர் அங்கே சேர்ந்தபோது அவர் தலைமுடி கறுப்பு. அதன்பிறகு அவர் அதிகம் வரைந்தது தவளையின் குடலை. உயிரியல் ஆசிரியருக்குப் படம் வராது. விளையாட்டு விழாவுக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது, கழிப்பறைக் கதவில் 'உபயோகத்தில் இல்லை' என்று முத்து முத்தாக எழுதுவது என்று கலைக்குத் தாராளமாக இடம் கொடுத்த பள்ளி அது.

நூற்றாண்டு விழா நெருங்கியது. தலைமை பிரதர் கூப்பிட்டார்.

"மாஸ்டர், நிறுவனரை ஆளுயரத்துல வரையணும். அடுத்த வருஷம் டிராயிங் பீரியடை எடுத்துட்டுக் கம்ப்யூட்டர் போடலாம்னு ஒரு யோசனை. படம் எப்படி வருதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

கழுத்தில் கத்தி வைக்கும்போதும் பிரதர்கள் சாந்தமாகவே இருப்பார்கள். மாஸ்டர் ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம். மகள் படிப்பு முடியவும் அதே ஒரு வருடம்.

இருந்த ஒரே புகைப்படத்தில், எவனோ ஒரு பையனை அதட்ட நிறுவனர் திரும்பியிருந்தார். முகத்துக்குப் பதில் ஒரு புகை. மாஸ்டர் வீட்டுக்கு வந்து சுற்றுமுற்றும் பார்த்தார். நாற்காலியில் மனைவியின் தம்பி, தாடியும் தானுமாக. வேலை தேடுவதையே வேலையாக வைத்திருப்பவன்.

"அசையாம உக்காரு."

"எனக்கு நல்லா வர்றது அது ஒண்ணுதானே அத்தான்!"

"முகத்துல கொஞ்சம் தியாகம் காட்டு."

அடுப்படியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "அவன் மூஞ்சில அதை எங்கேங்க தேடுவீங்க? பசிதான் இருக்கும். தூரத்துல இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுதான், வரைஞ்சு தள்ளுங்க."

முகம் வந்துவிட்டது. அங்கிதான் சுவரில் அடித்த தார் மாதிரி கறுப்பாகக் கிடந்தது. இந்த அழகுக்கு யார் வேலையை விட்டுவைப்பார்கள்? பயத்தில் மாஸ்டர் அழகை அள்ளிக் கொட்டினார். கழுத்திலிருந்து தங்கக்கரை வைத்த வெள்ளைப் பட்டை ஒன்றைத் தொங்கவிட்டார். சும்மா கிடந்த வலது கையை, இரண்டு விரல் நீட்டி உயர்த்தினார். மாதா கோயிலில் பார்த்த படங்களெல்லாம் அப்படித்தானே இருந்தன! அவை பாதிரியார்களின் படங்கள், நிறுவனரோ பிரதர் என்பது மட்டும் அந்த அவசரத்தில் தோன்றவில்லை.

தலைமை பிரதருக்கு நன்கொடையாளர்களைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது. படம் திரையோடு மேடையேறியது. சிறப்பு விருந்தினராக வந்திருந்த மறைமாவட்ட ஆயர் கயிற்றை இழுத்தார்.

"அதே பார்வை! அப்படியே இருக்கார்!" என்று பழைய மாணவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிறுவனரைப் புதைத்த பிறகு பிறந்தவர் அவர்.

ஆயருக்கு வாயெல்லாம் பல். "இந்த ஃபாதர் ஆசீர் குடுக்கிற அழகைப் பாருங்க!" என்று ஒலிபெருக்கியில் முழங்கினார். கூட்டம் கைதட்டியது. முன்வரிசைப் பிரதர்களின் கைகள் மட்டும் தொடையை விட்டு எழவில்லை.

மறுநாள் தலைமை பிரதர் மாஸ்டரை அழைத்தார்.

"நாங்க ஆசீர் குடுக்கிறவங்க இல்ல, மாஸ்டர். பட்டையை அழிங்க. கையை இறக்குங்க. இந்த வாரமே."

வேலை போய்விட்டது என்றே மாஸ்டர் நினைத்தார். ஆனாலும் வாய் தன் பாட்டுக்குப் பேசியது. "இறக்கிடலாம் பிரதர். ஆனா எண்ணெய்ச் சாயம். பழைய கை நல்லா காயறதுக்குள்ள மேல பூசினா, அது உள்ள இருந்து எட்டிப் பாக்கும். நிறுவனருக்கு மூணு கை ஆயிடும்."

"எவ்வளவு நாளாகும்?"

"பக்குவமா செஞ்சா... அடுத்த வருஷம் முழுக்க."

"வெளி ஆள் யாரையாவது வெச்சா?"

"ஏன் அழிக்கிறீங்கன்னு கேப்பான் பிரதர். ஆயர் காதுக்குப் போனா நல்லாவா இருக்கும்?"

தலைமை பிரதர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

புதிய கால அட்டவணையில் டிராயிங் பீரியட் அசையாமல் இருந்தது. படத்தை ஓவிய அறைக்குத் தூக்கி வந்தார்கள். முதல் பருவம் முடிவதற்குள் மாஸ்டர் நிறுவனரின் கட்டைவிரல் நகத்தை மட்டும் அழித்திருந்தார்.