இன்னும் ஒரே ஒரு திட்டு

வண்டி பங்காருப்பேட்டையைத் தொடுவதற்குள் கொர்னேலியஸ் கைப்பேசித் திரையை மூன்று முறை கீழே இழுத்துவிட்டிருப்பார். இழுத்தால் புதிய எண் வரும். ஐம்பத்தொன்பது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி இழுப்பார். ஐம்பத்தொன்பது.

"இன்னா சார், இன்னிக்கி எவனாச்சும் திட்னானா?" என்பார் எதிர் சீட்டு கோவிந்தன். பெங்களூரில் லிஃப்ட் மெக்கானிக்.

"இல்லப்பா. எல்லாரும் நல்லவனா பூட்டானுங்க."

கொர்னேலியஸுக்கு வயது ஐம்பத்தாறு. வீடு தங்கச் சுரங்கப் பகுதியான பாலகாட்டில், வேலை பெங்களூர்க் கல்லூரி ஒன்றில், இயற்கணிதம். சட்டைப் பையில் சொந்தச் சாக்பீஸ் இரண்டு எப்போதும் இருக்கும். "காலேஜு சாக்பீஸு பல்லி வாலு மாதிரி உடையுது" என்பார். ரயில் ஜன்னல் தூசியில் விரலால் சமன்பாடு எழுதுவார். பக்கத்தில் இருப்பவர் சாய்ந்து அழித்துவிட்டால், அவர் சட்டை முதுகில் ஒட்டியதைப் பார்த்துத் தொடர்வார்.

இருபத்தெட்டு வருடத்தில் பன்னிரண்டு ஆய்வுக் கட்டுரைகள். பதினொன்று சரியானவை. அந்தப் பதினொன்றையும் சேர்த்து உலகம் ஏழே தடவை மேற்கோள் காட்டியிருக்கிறது. பன்னிரண்டாவதை மட்டும் ஐம்பத்திரண்டு தடவை. போலந்திலும் பிரேசிலிலும் அவர் பெயர் அச்சேறியிருக்கிறது. கூடவே "இவருடைய மூன்றாம் தேற்றம் தவறு" என்ற வரியும்.

"அப்டி இன்னா சார் தப்பு பண்ணீங்கோ?" என்று ஒருநாள் கோவிந்தன் கேட்டார்.

"ரெண்ட எந்த வரிசைல பெருக்கினாலும் ஒண்ணுதான்னு எழுதிட்டேன்ப்பா. நான் எடுத்துக்கினதுல அது நடக்காது. டிக்கெட் எடுத்துட்டு வண்டி ஏறுறதும், ஏறிட்டு டிக்கெட் எடுக்கறதும் ஒண்ணா?"

"சீசன் டிக்கெட் வெச்சிருந்தா ஒண்ணுதான் சார்."

தேற்றத்தில் விடுபட்டிருந்தது ஏறக்குறைய அப்படியொரு நிபந்தனைதான். அதைக் கண்டுபிடிக்கக் கொர்னேலியஸுக்கு ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

கண்டுபிடித்ததை எழுதியும் வைத்துவிட்டார். இதழுக்குத்தான் அனுப்பவில்லை. பேராசிரியர் பதவிக்குக் கல்லூரி கேட்பது அறுபது மேற்கோள். தன்னைத் தானே மேற்கோள் காட்டிக்கொள்வது கணக்கில் வராது. திருத்தம் வெளிவந்தால் திட்டு நின்றுபோகும். இந்த வருடம் விட்டால் அடுத்த நேர்காணல் அவர் ஓய்வு பெற்ற பிறகுதான். ஆகவே திருத்தம் இரண்டு வருடமாகக் கணினியில் தூங்குகிறது. அவர் இன்னும் ஒரே ஒரு திட்டுக்காகக் காத்திருக்கிறார்.

"அடுத்தவன் திட்றத எண்ணிக்கினு குந்திக்கிறீங்களே, வெக்கமா இல்ல?" என்பார் மனைவி ஐடா. "நான் முப்பது வருஷமா திட்றேன். அதச் சேத்துக்கினா நீங்க இந்நேரம் வைஸ் சான்சலரு."

விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மாலை வண்டியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. தார்வாடிலிருந்து மமதா என்ற ஆய்வு மாணவி. அவளுடைய மூன்று வருட ஆய்வு முழுவதும் அவரது மூன்றாம் தேற்றத்தின் மேல் நிற்கிறதாம். நாளை இணையத்தில் கட்டுரையாக வெளியிடுகிறாள். மேற்கோள் காட்டுவதற்கு முன், தேற்றம் சரிதானே என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று எழுதினாளாம். ஐம்பத்திரண்டு பேர் திட்டியதில் ஒன்றுகூட அவள் கண்ணில் படவில்லை.

"வந்துச்சு சார் அறுபது! அதுவும் திட்டாம!" கோவிந்தன் தொடையில் தட்டினார். "ஆமான்னு ஒரு வார்த்த போட்டு வுடுங்கோ."

"அந்தப் பொண்ணு கட்டனதெல்லாம் இடிஞ்சி பூடும்ப்பா."

"அப்போ உங்க ப்ரொஃபசரு?"

கொர்னேலியஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒயிட்ஃபீல்டில் கட்டைவிரலால் தட்டத் தொடங்கியவர் மாலூரில்தான் நிறுத்தினார். மூன்றாம் தேற்றம் தவறு, பதினான்காம் வரியைப் பார்க்கவும், திருத்தம் இத்துடன். அவளுக்கு அனுப்பினார். அதே திருத்தத்தை இதழுக்கும் அனுப்பினார்.

கோவிந்தன் மாலூரில் ஏறியவரிடம் அவித்த வேர்க்கடலை வாங்கி, ஒரு பிடியைக் கொர்னேலியஸ் கையில் கொட்டினார். தோலை எங்கே போடுவது என்று காலடியில் பார்த்தார்.

கொர்னேலியஸ் பையைத் திறந்து பேராசிரியர் விண்ணப்பத்தை எடுத்தார். பென்சிலில் 59 என்று குறித்திருந்த கட்டம் மேலே தெரியும்படி அதை இருவர் முழங்காலுக்கும் நடுவில் விரித்து, முதல் தோலைத் தானே போட்டார்.