பதிப்புரிமைக்கு ஒரு கட்டிச் சூடம்

மனமும் உடலும் ஒன்றையொன்று எப்படி ஏய்க்கின்றன என்று ஓர் ஆய்வு நூல் எழுதினேன். அது அச்சுக்குப் போகுமுன்பே, என்னுடன் வேலை பார்த்தவர் அதன் மூன்றாம் அத்தியாயத்தை ஒரு கருத்தரங்கில் தம்முடையதாக வாசித்துக் கைதட்டலும் வாங்கிவிட்டார். கேட்டால், "ஒங்களுதுன்னு என்ன புரூஃப் இருக்கு?" என்கிறார். பதிப்புரிமையைப் பதிவு செய்தே தீருவது என்று கிளம்பினேன்.

எழுதியது நான்தான் என்று முதலில் சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டும். ஈப்போ நகரில் ஒரு கடைவீட்டு மாடியில் அதற்கான ஆணையர் இருந்தார். டை கட்டிய தமிழர். துணைக்கு அக்கா வந்திருந்தாள். அவள் ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து பல வருடமாகிறது. ஆனால் கோழி காணாமல் போனாலும் முனியாண்டி கோயிலில் எரியும் சூடத்தைக் கையால் அடித்துச் சத்தியம் செய்தால்தான் நியாயம் என்ற தோட்டத்துச் சட்டத்தை அவள் விடவில்லை.

ஆணையர் காட்டிய இரண்டு இடங்களிலும் கையெழுத்திட்டேன். பதற்றத்தில் கை நடுங்கியது.

"என்னாம்மா, ரெண்டு ஆளு போட்ட மாதிரி இருக்கு?" என்று முத்திரையைக் கீழே வைத்துவிட்டார்.

குற்றமில்லாதவர் கையும் நடுங்கும் என்று ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறேன். அதை விளக்க ஆரம்பித்தேன். விளக்க விளக்க நடுக்கம் கூடியது. அவர் என்னைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. கைப்பையிலிருந்து சூடத்தை எடுத்தாள். அவருடைய தேநீர்க் கோப்பைத் தட்டிலேயே வைத்துக் கொளுத்தினாள். "இவதான் எழுதுனா. நான் அடிக்கிறேன்லா!"

காலையிலிருந்து எல்லாச் சத்தியத்தையும் உட்கார்ந்தபடியே வாங்கிக்கொண்டிருந்த மனிதர், சட்டென்று எழுந்து, கோயில் வாசலில் நிற்பவர்போல் காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றினார்.

"அக்கா, பொய்ச் சத்தியம் குடும்பத்துக்கு ஆவாது. புக்கை நீங்க படிச்சீங்களா?"

"எனக்கெதுக்கு அது? எழுதுன காலம் பூரா இவளுக்குத் தலைவலி. என் வீட்டுலதான் வந்து படுத்துக் கெடந்தா. தைலம் தேச்சது நானு. எழுதுனேன்னு சொல்றானே, அந்த ஆளுக்கு ஒரு நாளாச்சும் தல வலிச்சுச்சான்னு கேளுங்க!"

சொல்லிவிட்டுச் சூடத்தை ஓங்கி அடித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மனத்துக்கும் உடலுக்கும் உள்ள உறவை நான் முந்நூறு பக்கம் எழுதியும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

ஆணையர் வெறுங்காலோடு நின்றபடியே முத்திரையைக் குத்தினார்.