சந்தனம் வைத்த ஸ்டிக்கர்

கடைக்கு எந்தக் கணினி வந்தாலும் அதற்கு என்ன கோளாறு என்று தேவகிருபை அக்கா முதலில் கேட்பதில்லை. அதைப் புரட்டிப் போடுவார். லேப்டாப் என்றால் அடிப்பக்கம். சிபியு பெட்டி என்றால் பக்கத் தகடு. அங்கே ஒட்டியிருக்கும் விண்டோஸ் உரிம ஸ்டிக்கரைக் கண்டுபிடித்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெறுங்கண்ணை அதன் அருகே கொண்டுபோய் எழுத்து எழுத்தாக உரக்கப் படிப்பார். நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். இருபத்தைந்து எழுத்தும் முடிந்த பிறகுதான், "இப்பச் சொல்லுங்க, என்ன செய்யுது?" என்பார். பதினொரு வருஷமாகப் பார்க்கிறேன், இந்த வரிசை ஒரு நாளும் மாறியதில்லை.

எதிர்ச் சாரியில் செல்போன் கடை வைத்திருக்கும் பக்தவச்சலம் அண்ணன் இதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பார். "பேஷண்ட்டு நெஞ்சப் புட்ச்சிகினு வந்து நிக்கிறான். டாக்டரம்மா ஆதார் கார்டு எட்துகினு வா இன்றாங்க!"

கல்மண்டபத்தில் எங்கள் கடைக்கு இரண்டு பாதி. முன்பாதி அக்காவின் தம்பி எபினேசரின் மளிகை. பின்பாதி கணினி பழுது பார்க்கும் இடம். நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு. மிளகாய் வற்றல் நெடி அதைத் தாண்டி வந்துவிடும் என்பதால், திறந்து கிடக்கும் பெட்டிகளைத் துணி போட்டு மூடுவது என் வேலை. ஸ்டிக்கர் எழுதுவதும் என் வேலை. எட்டாவதோடு நின்றவளுக்கு ஆங்கில எழுத்து தெரியும், வார்த்தை ஓடாது. அந்த ஸ்டிக்கரில் வார்த்தையே கிடையாது, அதனால் எனக்குச் சரிப்பட்டது.

அக்காவுக்கு இந்தப் பழக்கம் வந்தது வேறு இடத்தில். கல்யாணத்துக்கு முன் அவர் ராயபுரத்தில், துறைமுகச் சரக்குகளுக்குக் காகித வேலை செய்யும் ஒரு சின்ன ஆபீசில் டைப் அடிக்கப் போனார். கணினி நின்றால் சரி செய்யவும் தானாகவே பழகிக்கொண்டார். ஒரு நாள் முதலாளி ஒரு விண்டோஸ் சிடியைக் கொடுத்து, "ஆறு மெஷினிலயும் இதையே போட்டுரும்மா" என்றார். போட்டார். எட்டு மாதம் கழித்துப் போலீசோடு கம்பெனி ஆட்கள் வந்து, திருட்டுப் பிரதி என்று ஆறு பெட்டியையும் எடுத்துப் போனார்கள். "போட்டது அந்தப் பொண்ணு, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் முதலாளி. அக்கா ஸ்டேஷன் பெஞ்சில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். எபினேசர் போய்ப் பேசி, கையெழுத்துப் போட்டு அழைத்து வந்தார். வழக்கு என்று எதுவும் வரவில்லை. ஆனால் அந்த நாலு மணி நேரம் அக்காவை விட்டுப் போகவில்லை.

கடை தொடங்கியபோது அவர் முதலில் எழுதி மாட்டியது ஒரு அட்டை: "உரிமம் இல்லாத விண்டோஸ் போட்டுத் தர மாட்டோம்." எபினேசருக்கு எரிச்சல். "அக்கா, நம்ம கடைக்கு வாரவன் பாதிப் பேரு இதைப் படிச்சிட்டு அப்படியே திரும்பிப் போறான்." அக்கா சொன்னார்: "போறவன் போகட்டும்டே. மீதிப் பாதி வருதுல்லா?"

போன மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை, எண்ணூரிலிருந்து வினிதா ஷேர் ஆட்டோவில் வந்தாள். மடியில் சிபியு பெட்டி, அதைச் சுற்றி ஒரு பழைய லுங்கி. அவள் குப்பத்தில் மீன் விற்கும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து, பேங்க் கடனில் ஒரு கணினி வாங்கி, அரசு விண்ணப்பங்கள் போட்டுக் கொடுக்கும் சேவை மையம் நடத்துகிறார்கள். வினிதாதான் அதில் உட்காருகிறவள். முதியோர் பென்ஷன், படகுப் பதிவு, மீன்பிடித் தடைக்கால நிவாரணம், எல்லாம் அந்த ஒரு பெட்டியில்தான்.

"அக்கா, நேத்துலேந்து ஆன் ஆவல. திங்கக்கெழம ஆபீசர் செக்கிங் வர்றாரு. மெஷினு, பில்லு, விண்டோஸ் ஒரிஜினலான்னு எல்லாம் பாப்பாங்களாம். இல்லாங்காட்டி மையத்து ஐடிய லாக் பண்ணிடுவாங்க. நெவாரணத்துக்குப் பேர் குட்க்க எங்க குப்பத்துப் பொம்பளைங்க அல்லாரும் பொயப்ப வுட்டுட்டு திருவொத்தியூர் போயி லைன்ல நிக்கணும்க்கா."

அக்கா பெட்டியைப் புரட்டினார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. நான் பேனாவை எடுத்தேன். அக்கா எதையும் படிக்கக் காணோம்.

ஸ்டிக்கர் இருந்தது. எழுத்துத்தான் இல்லை. மஞ்சள் கறை படிந்து, நடுவில் குங்குமத்தின் செம்மை ஊறி, வெள்ளி நிறம் தேய்ந்து காகிதம் பஞ்சாக எழும்பியிருந்தது.

"இதுக்கு என்ன பண்ணினீங்க?"

"ஆயுத பூஜைக்கா," என்றாள் வினிதா சின்னக் குரலில். "எங்க அத்த வருசா வருசம் தேய்க்கும்."

அக்கா மூடியைக் கழற்றினார். எண்ணூர்க் காற்று உள்ளே புகுந்து வேலை செய்திருந்தது. மதர்போர்டு ஓரமெல்லாம் பச்சையாகப் பூத்து, மேலே சாம்பல் தூசி படிந்திருந்தது. அது போய்விட்டது, மாற்ற வேண்டும். ஹார்ட் டிஸ்க் மட்டும் பிழைத்திருந்தது.

"விண்டோஸ் உரிமம் போர்டோட சேர்ந்தது," என்றார் அக்கா. "போர்டு பழுதாகி மாத்தினாலும் உரிமம் செல்லும். ஆனா நம்மளுதுதான்னு காட்ட அந்த எழுத்தும் பில்லும் வேணும். ஸ்டிக்கர்ல இல்லன்னா என்ன, டிஸ்க்குல பார்ப்போம்."

டிஸ்க்கைத் தன் கணினியோடு இணைத்தார். எதையும் தொடும் முன், குப்பத்துப் பெண்கள் ஸ்கேன் செய்து வைத்திருந்த ஆவணங்களை எல்லாம் தனியாகப் பிரதி எடுத்தார். அது முடிய ஒன்றரை மணி நேரம். அதன் பிறகு உரிம எழுத்தைத் தேடப் போனபோது எங்கள் கணினி கூவியது. திரையில் வைரஸ் எச்சரிக்கையின் சிவப்புக் கட்டம்.

அக்கா நாற்காலியைத் திருப்பி வினிதாவைப் பார்த்தார். "இதுல இப்ப இருக்கிற விண்டோஸ் உங்க விண்டோஸ் இல்ல. உரிமம் இருக்கிற மாதிரி ஏமாத்துற ஒரு புரோகிராமும் கூடவே கெடக்கு. யாரு போட்டது?"

வினிதா லுங்கியை மடிக்கத் தொடங்கினாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். "ரெண்டு வருசத்துக்கு முன்ன ஒரு தபா நின்னு பூட்ச்சிக்கா. ஒர்த்தர் பென் டிரைவோட வந்து பத்து நிமிசத்துல போட்டுக் குட்த்தாரு. ஸ்டிக்கரெல்லாம் அவரு கேக்கவே இல்ல. அத்தைக்குத் தெரியாது. நல்லாத்தானே ஓடிகினு இர்ந்திச்சி."

உரிமம் வாங்கி, பில்லும் வாங்கி, அதையே அழித்துவிட்டுத் திருட்டுப் பிரதியை இரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறார்கள். இருந்த சோற்றைக் கொட்டிவிட்டு அடுத்த வீட்டுப் பானையில் கை விட்ட மாதிரி.

தேங்காய் எண்ணெய் வாங்க வந்திருந்த பக்தவச்சலம் அண்ணன் தடுப்புக்கு மேலே தலையை நீட்டினார். "இன்னாம்மா வினிதா, இதுக்குப் போயா மூஞ்சிய தொங்கப் போட்டுகினு கீற? போர்டு மட்டும் இங்க மாத்திக்கோ. அப்பால நம்ம கடைக்கி தூக்கிகினு வா. அரை மணிதான். ஒரிஜினல்னே காட்டும். ஆபீசரோட அப்பன் வந்தாலும் கண்டுபுடிக்க மாட்டான்."

வினிதா அக்காவைப் பார்த்தாள். கை பெட்டிமேல் இருந்தது.

"தூக்கிட்டுப் போறதுன்னா போம்மா, நான் தடுக்க மாட்டேன்," என்றார் அக்கா. "ஆனா ஒண்ணு கேக்கேன். ஆபீசர் பில்லையும் மெஷினையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கும்போது பக்தா அண்ணன் வந்து உன் பக்கத்துல நிப்பாரா?"

"அன்னிக்கி நமக்குக் கடை இருக்குமே," என்றார் பக்தவச்சலம் அண்ணன், சிரித்துக்கொண்டே.

"இருக்கும். ஸ்டேஷன் பெஞ்சில யாரு உக்காருவா? மாட்டிக்கிட்டவதான் உக்காருவா. நான் உக்காந்திருக்கேன்."

வினிதா பெட்டியிலிருந்து கையை எடுத்தாள். "திங்கக்கெழமைக்குள்ள முடியுமாக்கா?"

"முடிக்கணும். வாங்கின அன்னைக்கு வந்த காகிதம் எதெல்லாம் உங்க அத்தைகிட்ட இருக்கோ, துண்டுச் சீட்டு விடாமக் கொண்டாரச் சொல்லு. பென் டிரைவ் விஷயத்தையும் நீயே அவங்ககிட்டச் சொல்லிடு."

மறுநாள் காலை வினிதாவின் அத்தை அங்கம்மா வந்தார். குழுவுக்குத் தலைவி. மீன் ஏலம் முடிந்த கையோடு கூடையை வாசலில் வைத்துவிட்டு, ஒரு எவர்சில்வர் சம்புடத்தோடு உள்ளே வந்தார். வந்ததும் வினிதாவின் தலையில் ஒரு குட்டு. "ஒரிஜினல கடாசிட்டு டூப்ளிகேட்டு போட்டுகினு கீது, கய்த!"

"நீ மட்டும் இன்னாவாம்? நம்பர தேச்சி எட்த்தவ நீதானே?"

"எனுக்கு இன்னாடி தெரியும்? இரும்புச் சாமான்தானேன்னு தேங்கா நாரு போட்டுத் தேச்சேன். அரிவாமனையும் அப்டித்தான் தேய்க்கிறேன், அது ஒயுங்கா வெட்டுது. மூஞ்சி எங்கன்னு பாத்தேன், அந்த வெள்ளிக் காய்தம்தான் நெத்தி மாதிரி பளபளன்னு இர்ந்திச்சி. சந்தனம் வெச்சேன். தப்பா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தப்பில்லம்மா. நெத்தியை விட்டு ஒரு ஜாண் தள்ளி வெச்சிருக்கலாம்."

சம்புடத்தில் பில் இருந்தது, பேங்க் கடன் தாள்கள் இருந்தன. அவற்றோடு பின் அடித்து ஒரு போட்டோ. கடன் பணத்தில் பொருள் வாங்கியதற்குச் சாட்சியாகப் பேங்க்காரர் எடுத்தது. "லேபிள் தெரியிற மாதிரி காட்டும்மா" என்று அவர் சொன்னதால், அங்கம்மா பெட்டியை அணைத்துப் பிடித்து ஸ்டிக்கரை விரலால் சுட்டிக்கொண்டு நின்றார். முதல் பூஜைக்கு முன்னால் எடுத்த படம். ஸ்டிக்கர் புதிதாக மின்னியது.

அக்கா பூதக்கண்ணாடியை வைத்து வாசித்தார். நான் எழுதினேன். ஐந்து, பத்து, பதினைந்து, இருபது. அங்கே நின்றார்.

"கடைசி அஞ்சு எழுத்து மேல உங்க விரல் இருக்கும்மா."

அங்கம்மா படத்தைப் பார்த்தார். பிறகு தன் விரலைப் பார்த்தார். "அட என் கைய ஒடைக்க! காட்டச் சொன்னாங்கோன்னுதானே காட்டினேன்."

வினிதா உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பி நின்றாள். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்தப் பெட்டியை முதல் நாள் நான்தான் துடைத்து மூடி வைத்தேன். ஸ்டிக்கரின் வலது கீழ் மூலையில், விற்ற கடைக்காரரின் வாரண்டிச் சீட்டு ஒன்று ஏறி ஒட்டியிருந்தது. அதன்மேல் தேங்காய் நாரின் கீறல் நிறைய. அடியில் இருந்ததை நார் தொட்டிருக்காது. பெட்டியை அக்கா பக்கம் திருப்பி, அந்த மூலையை விரலால் காட்டினேன்.

அக்கா என்னைப் பார்த்தார். சூடான காற்று ஊதும் கருவியை மெதுவாக வைத்து, பட்டையான தகட்டால் சீட்டை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினார். ஐந்து எழுத்தும் அச்சடித்த அன்று இருந்தபடியே இருந்தன. இருபத்தைந்தும் நிறைந்தன.

சனிக்கிழமை புது போர்டு ஏறியது. டிஸ்க்கை முழுவதும் அழித்து, விண்டோசை முதலிலிருந்து போட்டார். எழுத்தை ஏற்றுக்கொண்டது, உரிமத்தை உறுதி செய்ய மறுத்தது. போர்டு மாறியதால் வேறு கணினி என்று நினைத்துக்கொண்டது. அக்கா உதவி எண்ணுக்குப் போன் போட்டார். முதலில் ஒரு இயந்திரக் குரல் பேசியது, பிறகு ஒரு பெண். எத்தனை கணினியில் போட்டிருக்கிறீர்கள் என்று அவள் கேட்க, அக்கா தன் ஆபீஸ் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: ஒன்றுதான், பழைய போர்டு உப்புக் காற்றில் கெட்டுவிட்டது, பில் என் கையில் இருக்கிறது. அந்தப் பெண் எண்களைச் சொல்லச் சொல்ல அக்கா திரையில் கட்டம் கட்டமாக அடித்தார். எட்டாவது கட்டம் முடிந்ததும் திரையில் அந்த வாசகம் வந்தது.

"இன்னான்னு போட்ருக்கு?" என்றார் அங்கம்மா.

"உங்க பெட்டி உங்களுதுதான்னு ஒத்துக்கிட்டாங்கம்மா."

பெட்டி எண்ணூருக்குத் திரும்பியதும், மையத்தில் கைரேகை எடுக்கும் கருவி மட்டும் முரண்டு பிடித்தது. அதை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் டிஸ்க்கை அழித்தபோது போய்விட்டது. ஞாயிறு ஆராதனை முடிந்து அதே வெள்ளைச் சேலையோடு அக்கா எண்ணூருக்குப் போனார். அதைத் தேடி இறக்கிப் பொருத்த மத்தியானம் ஆயிற்று. முதலில் ரேகை வைத்துப் பார்த்தவர் அங்கம்மா. மீன் செதிலில் தேய்ந்த கட்டைவிரல், மூன்றாவது தடவைதான் எடுத்தது.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். பில்லைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், ஸ்டிக்கரைப் பார்த்து, "இது ஏன் மஞ்சளா இருக்கு?" என்று மட்டும் கேட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மையம் இப்போதும் நடக்கிறது. இந்த வருஷத் தடைக்கால நிவாரணத்துக்குக் குப்பத்தார் எல்லாரும் அங்கேயே பதிந்தார்கள். பெட்டி கடல் பக்க ஜன்னலிலிருந்து உள்சுவருக்கு மாறிவிட்டது. ஆயுத பூஜைச் சந்தனம் மேசைக் காலுக்கு வைக்கப்படுகிறது. இருபத்தைந்து எழுத்தும் மூன்று இடத்தில் இருக்கின்றன: வினிதாவின் போனில், அங்கம்மாவின் சம்புடத்தில், எங்கள் நோட்டில் என் கையெழுத்தில். பக்தவச்சலம் அண்ணன் இன்னும் பென் டிரைவில்தான் போட்டுக் கொடுக்கிறார். எங்கள் கடை அட்டை மாட்டிய இடத்தில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் இன்றும் பாதிப் பேர்.