இடையில் நின்ற பள்ளிக்கூடம்

என் வீட்டை விற்றுத்தர வந்த தரகர் வீட்டுக்குள் கால் வைக்கவே இல்லை. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும் செண்ட் மணமுமாகப் படலையடியில் நின்று, பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று கைப்பேசியில் அளந்தார். வீடு வாங்குகிறவர்களுக்கு அதுதான் முக்கியமாம்.

"தூரம் பிழையில்லை அம்மா. ஆனா இடையிலை உந்தச் சின்னப் பள்ளிக்கூடம் நிக்குது. கிட்ட வேறை பள்ளிக்கூடம் இருந்தா, பெரிசிலை பிள்ளையைச் சேர்க்கேக்கை தூரத்துக்குக் குடுக்கிற புள்ளியிலை வெட்டுவினம். அதாலை வீட்டுக்குப் பாதி விலைதான்."

"உதிலைதான் தம்பி நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படிச்சனான்."

"அது பாக்கவே தெரியுதம்மா" என்று சிரித்தார்.

வீட்டை விற்பதாக இல்லை என்று மட்டும் சொல்லிப் படலையைச் சாத்தினேன். பக்கத்தில் பள்ளிக்கூடம் இருந்தால் வீடு மலிவு என்ற கணக்கை எந்தப் பெரிய பள்ளிக்கூடம் அவருக்குப் படிப்பித்ததோ, தெரியவில்லை.